சத்தம் போடாத வயிறு

எங்கள் கூடத்தில் பசியை முதலில் கேட்கிறவன் நான். சமைப்பவர்களுக்கே அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் சுமோ வீரர்களுக்குக் குடுமி கட்டுகிறவன். காலைப் பயிற்சி முடிந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஒவ்வொருவராக வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். நான் பின்னால் மண்டியிட்டு, வாசனை மெழுகை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, முடியில் ஏற்றிச் சீப்பால் இழுப்பேன். அப்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். விடிவதற்கு முன்பே எழுந்தவர்கள் அதுவரை தண்ணீரைத் தவிர எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். தலை என் கையில் இருக்கும், வயிறு ஒரு முழத் தொலைவில் இருக்கும். சில வயிறுகள் தவளைபோலக் கத்தும். சில, பக்கத்துத் தெருவில் இரும்புக் கதவு இழுப்பதுபோல உருளும். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

காலையில் சாப்பாடு இல்லாததைப் பார்த்து வெளியாட்கள் பாவப்படுவார்கள். பாவப்பட ஒன்றுமில்லை. அது ஒரு ஏற்பாடு. நிறைந்த வயிற்றோடு களத்தில் இறங்கி நெஞ்சில் மோதினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. காலை முழுவதும் பசியை வளரவிட வேண்டும். அது முற்றிப் பழுத்த நேரத்தில் சாங்கோ பானையைத் திறக்க வேண்டும். கோழியும் காய்களும் கொதிக்கும் அந்தக் குழம்போடு மலைபோலச் சோற்றை ஏற்றிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட வேண்டும். சுமோ உடம்பு களத்தில் உருவாவதில்லை, அந்த மதியத்தில் உருவாகிறது. பசிதான் எங்கள் பயிர்.

மே மாதப் போட்டி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மினாசேயின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. மெழுகு சரியாகத்தான் ஏறியிருந்தது, சீப்பும் சரியாகத்தான் ஓடியது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் வயிறு சத்தம் போடவில்லை.

மினாசேக்குப் பதினெட்டு வயது. தொத்தோரிப் பக்கம் நண்டுக்குப் பேர்போன ஒரு துறைமுக ஊர். அப்பா இல்லை, அம்மா மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை. எங்கள் கூடத்திலேயே ஒல்லியானவன் அவன்தான். ஆனால் இடுப்பில் ஏதோ ஒன்று இருந்தது. களத்தைச் சுற்றியுள்ள வைக்கோல் வளையத்தின் விளிம்புவரை எதிராளி தள்ளிக்கொண்டு போனாலும், கடைசி நொடியில் மீன்போலத் திரும்பித் தள்ளினவனை வெளியே எறிந்துவிடுவான். எடை மட்டும் இல்லை. ஆசான் புத்தாண்டன்றே சொல்லிவிட்டார்: ஜூன் கடைசியில் நகோயாப் போட்டிக்குக் கிளம்புவதற்கு முன் தொண்ணூறு கிலோ வர வேண்டும். வராவிட்டால் குடுமியை வெட்டிவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும்.

வசந்தகாலம் முழுக்கத் தராசு முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்தது. மேயில் எண்பத்தாறில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

மதியப் பந்தியில் என்ன நடக்கிறது என்று அன்றைக்குக் கவனித்துப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி முதலில் ஆசான் உட்காருவார், பிறகு தர வரிசைப்படி மற்றவர்கள். சின்னவர்கள் பின்னால் நின்று பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார்கள். அவர்கள் முறை வரும்போது பானையில் கோழி இருக்காது. முட்டைக்கோசும் குழம்பும் மிஞ்சியிருக்கும். அதனால் சின்னவர்களின் எடை சோற்றிலிருந்துதான் வர வேண்டும். குழம்பை ஊற்றிப் பிசைந்து எத்தனை கிண்ணம் உள்ளே தள்ளுகிறார்கள் என்பதுதான் அவர்களின் விதி. மினாசே இரண்டாவது கிண்ணத்தில் நின்றுவிட்டான். மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

“என்னடா, சோத்துக்குக் கண்ணீர் அஞ்சலியா?” என்றான் ஒருவன்.

“இல்லடா, உப்புப் பத்தலன்னு அழுது ஊத்திக்கிறான்.”

பந்தி சிரித்தது. ஆசான் சிரிக்கவில்லை. “சோத்தப் பாத்து அழுறவன் களத்துல என்னத்தக் கிழிக்கப்போறான்?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் தலைவாரும்போது கேட்டேன். “தம்பி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஒண்ணுமில்ல ஹரு அண்ணே. வெயில் ஏறுதுல்ல, அதான் போல.”

அப்போது அவனுக்கு ஒரு ஏப்பம் வந்தது. வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டான். அத்தனை மெழுகு வாசனையையும் தாண்டி என் மூக்குக்கு எட்டியது அது. அவித்த முட்டை.

“காலையில என்ன தின்ன?”

தயங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, மகிழ்ச்சியோடு சொன்னான். “யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. ககியாமா அண்ணன் தினம் விடியக்காலம் மூணு முட்ட அவிச்சுத் தர்றார். கூடவே காஞ்ச மீனும். முட்ட தின்னாத்தான் சதை பிடிக்கும்கிறார். கோழி ரெண்டு கால்ல நிக்குது, அதோட முட்டையத் தின்னா நீயும் கீழ விழமாட்டன்னு சொல்றார். இந்தக் கூடத்துல எனக்கு எடை ஏறணும்னு நெனக்கிற ஒரே ஆள் அவர்தான்.”

என் சீப்பு நின்றுவிட்டது.

ககியாமாதான் எங்கள் கூடத்தில் தரத்தில் மூத்தவன். முப்பது வயது. சம்பளம் வாங்கும் தரத்துக்கு ஒரே ஒரு படி கீழே பல வருடமாக நிற்கிறவன். முழங்கால் போய்விட்டது. மார்ச்சில் அவன் தலையை வாரும்போது அவனே எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தான். முழங்காலைக் காப்பாற்ற வேண்டுமானால் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் ஒரு பெண் அவனுக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆசானும் அவனுக்கு மட்டும் காலைச் சாப்பாட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

“ரொம்ப சுலபம் ஹரு அண்ணே,” என்றான் அன்றைக்கு. “பட்டினி கெடக்க வேணாமாம். காலையில அவிச்ச முட்ட, காஞ்ச மீன், கெட்டித் தோஃபு, இதுல ஏதாவது தின்னாப் போதுமாம். கஞ்சி குடிச்சா சீக்கிரம் எறங்கிடும். பாலும் அப்படித்தான், ஓடிப்போயிடும். கடிச்சுத் திங்கிற புரதம் எறங்காது. வயித்துலயே குந்தி இருக்கும். குடல்லேர்ந்து மூளைக்குச் சேதி போயிக்கிட்டே இருக்குமாம், ‘இங்க ஆள் இருக்கு, இங்க ஆள் இருக்கு’ன்னு. மத்தியானம் கை தானா நின்னுடும்னு சொன்னா. நானும் நம்பல. செஞ்சு பாத்தா, மூணாவது கிண்ணத்தப் பாத்தாலே வெறுப்பா இருக்கு!”

அந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும். வயிற்றில் உட்கார்ந்துகொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும் முட்டையை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். அதே முட்டை இப்போது மினாசேயின் வயிற்றில் உட்கார்ந்திருந்தது.

முட்டை சதை வளர்க்கும் என்பது பொய்யில்லை. சாதாரண வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கொடுத்தால் அது நல்லது. ஆனால் இங்கே பிள்ளையின் எடை மதியத்தில் இருக்கிறது, மதியம் பசியில் இருக்கிறது. அதுவும் ககியாமாவின் நூற்றெழுபது கிலோ உடம்பையே சாப்பிடவிடாமல் நிறுத்திவைக்கிற மூன்று முட்டை, அதில் பாதி உடம்பை என்ன செய்யும்?

அவசரப்பட்டு யார்மேலும் பழி போடக் கூடாது என்று காத்திருந்தேன். ஒருவேளை ககியாமா யோசிக்காமல் கொடுத்திருக்கலாம். ஒருவேளை மினாசேக்கு வெயில்தான் காரணமாக இருக்கலாம். எல்லா வயிறும் ஒன்றுபோல இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஜூன் இரண்டாவது வாரத்தில் மழைக்காலம் வந்தது. ககியாமா முழங்காலில் நீர் எடுப்பதற்காக மருத்துவமனையில் சேர்ந்தான். அவன் போன மறுநாள் மினாசே என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவன் வயிறு கர்ர்ர் என்று இழுத்தது. வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“யாருடா அது, கூரையில இடி விழுந்துச்சா?”

“மினாசே வயிறு உசுரோட வந்துடுச்சுடோய்!”

அன்று மதியம் ஆறு கிண்ணம். மறுநாளும் அப்படியே. ககியாமா இல்லாத அந்தச் சில நாளிலேயே தராசு முள் அசைந்து மேலே போனது. பையன் கண்ணாடி முன் நின்று தன் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ககியாமா திரும்பி வந்தான். மறுநாள் விடியற்காலையில் சமையலறையில் முட்டைப் பாத்திரம் கொதித்தது. பதினோரு மணிக்கு மினாசேயின் வயிறு மறுபடி ஊமையாகிவிட்டது.

இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை. மினாசேயைத் துணி காயப்போடும் மாடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். முட்டை எப்படித் தங்குகிறது, கஞ்சியும் பாலும் ஏன் ஓடிவிடுகின்றன, ககியாமா எதற்காக அதைத் தின்னுகிறான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பையன் ஈரக் கச்சைகளுக்கு நடுவில் நின்றபடி கேட்டான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“அவருக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே.”

“எனக்கு இதச் சொல்லிக்குடுத்ததே அவன்தான்டா.”

கொடியில் தொங்கிய ஒரு கச்சையை இழுத்து நேராக்கினான். பிறகு, “இப்ப நான் என்ன பண்றது?” என்றான்.

“திங்காத.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. மூத்தவன் கொடுப்பதைச் சின்னவன் மறுப்பது எங்கள் உலகத்தில் கிடையாது. அடி கொடுத்தாலும் சரி, அரை டம்ளர் சாக்கே சாராயம் கொடுத்தாலும் சரி, இரண்டு கையால் வாங்கி, ‘நன்றிண்ணே’ என்று சொல்லி, அவன் கண்ணெதிரே முடித்துவிட வேண்டும். இங்கே வந்த முதல் நாள் சின்னவர்களுக்குக் கற்றுத்தரும் முதல் சொல்லே அதுதான்.

பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு முட்டையைத் தின்றுவிட்டு, இரண்டைக் கச்சையின் மடிப்புக்குள் செருகிக்கொண்டான். பயிற்சியில் முதல் மோதலிலேயே எதிராளி அவன் இடுப்பில் கையைப் போட்டு இறுக்கினான். நசுங்கிய மஞ்சள் கரு தொடை வழியாக வழிந்தது.

“ஐயோ, மினாசே முட்டை போட்டுட்டான்!” என்று கத்தினார்கள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ககியாமாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான், “பாவம், சாப்பிட நேரம் பத்தல போல. நாளையிலேர்ந்து நான் பக்கத்துல நின்னு ஊட்டி விடுறேன்.” மறுநாளிலிருந்து மூன்றாவது முட்டை தொண்டையில் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மினாசே மூன்றுக்கும் நன்றி சொன்னான்.

அப்படி ஒருநாள் ககியாமாவின் தலை என் கையில் இருந்தபோது, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன். “உன் எடை குறையறதுக்குத் திங்கிற முட்டைய அவனுக்கு ஏன் குடுக்கிற?”

அவன் திரும்பவில்லை. தலையைத் திருப்பினால் முடி கலைந்துவிடும்.

“நான் குடுத்தது முட்டதானே ஹரு அண்ணே. எலிப் பாஷாணம் இல்லையே.”

“உனக்குத் தெரியும்.”

“ஏப்ரல்ல அவன் என்னை விளிம்புலேர்ந்து தூக்கி எறிஞ்சான். பாத்தீங்கல்ல? அப்ப ஆசான் சொன்னதையும் கேட்டீங்கல்ல? ‘இவனுக்கு மட்டும் தொண்ணூறு கிலோ இருந்தா ஒன் மூஞ்சிய நான் ஏன் பாக்கப்போறேன்’னாரு. எல்லாரு முன்னாடியும்.” முழங்காலைத் தடவிக்கொண்டான். “பதினஞ்சு வருஷம் இந்தக் கூடத்துல குப்ப கொட்டிட்டேன். இன்னும் ஒரு படி. இன்னும் ஒரே வருஷம் இந்தக் கால் தாங்கும். அதுக்குள்ள எனக்குப் பின்னால யாரும் வரக் கூடாது. அவ்வளவுதான். அவனுக்கு வயசிருக்கு. ஊருக்குப் போயி நல்லாப் பொழைப்பான்.”

“எங்கிட்ட இதச் சொல்றியே.”

“நீங்க சொல்லுங்களேன். யார்கிட்ட வேணா சொல்லுங்க. ‘ககியாமா சின்னவனுக்கு முட்ட அவிச்சுக் குடுத்தான்’னு சொல்லுங்க. எனக்கு நல்ல பேருதான் வரும்.”

சொன்னேன். அன்று மாலையே ஆசானிடம் போய் உட்கார்ந்து, மருத்துவமனைப் பெண் சொன்னதிலிருந்து தொடங்கி, ககியாமாவே ஒப்புக்கொண்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆசான் சிகரெட் ஒன்றை முழுதாக முடித்தார். நான் சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது.

“முட்டைகிட்ட தோத்துப்போறவன் மனுசன்கிட்ட எப்படி ஜெயிப்பான்?” என்றார்.

“ஆசான், அவனால மறுக்க முடியாது. நம்ம பழக்கம் அப்படி.”

“அந்தப் பழக்கத்துலதான் நானும் வளந்தேன். மூத்தவன் குடுத்தத எல்லாம் தின்னுட்டு, அதுக்கு மேலயும் தின்னேன்.” சாம்பலைத் தட்டினார். “ககியாமா இந்த வருஷம் படி ஏறினா இந்தக் கூடத்துக்கு ஒரு பேரு. அவன் மனசக் கெடுக்கச் சொல்றியா இப்ப? ஹரு, உன் வேல தலைக்கு மேல. வயித்துக்குள்ள வராத.”

நகோயாவுக்குச் சாமான் கட்டும் நாளுக்கு முந்தின நாள் எடை பார்த்தார்கள். பையன் குழாயடியில் வாய் வைத்து, வயிறு மத்தளம்போல ஆகும்வரை தண்ணீர் குடித்துவிட்டு வந்து தராசில் ஏறினான். முள் எண்பத்தெட்டில் ஆடி நின்றது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறவில்லை. ஆசான் உள்ளே போய்விட்டார். மினாசே இறங்கி ஓடிப்போய் அத்தனை தண்ணீரையும் முற்றத்தில் வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலை குடுமி வெட்டும் சடங்கு. சின்னத் தரத்தில் இருப்பவனுக்கு மண்டபம் கிடையாது, விருந்தாளிகள் கிடையாது. பயிற்சிக் களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி, அதில் கடன் வாங்கிய கோட்டு சூட்டில் மினாசே. நான் கடைசித் தடவையாக அவனுக்குக் குடுமி கட்டினேன். எப்போதையும்விட நன்றாகக் கட்டினேன், வெட்டப்போகிற முடிக்கு. அப்போதுதான் கேட்டது. கர்ர்ர்.

குனிந்து அவன் காதருகே கேட்டேன். “முட்ட திங்கலையா?”

“காலையில கொண்டாந்தார். ‘பையில போட்டுக்கிறேன்’னேன். இனிமே நான் அவருக்குத் தம்பி இல்லையே.”

ஒவ்வொருவராக வந்து கத்தரிக்கோலால் நாலு முடி வெட்டினார்கள். ககியாமா வெட்டும்போது அழுதான். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அது நடிப்பில்லை. தோள் குலுங்க நிஜமாகவே அழுதான். கடைசி வெட்டு ஆசானுடையது. குடுமி தனியாக வந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் சுற்றிப் பையன் கையில் கொடுத்தேன்.

விடைபெறுகிறவன் அன்றைய மதியப் பந்தியில் மட்டும் ஆசானுக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காருவான். தரம் எதுவானாலும் மற்றவர்கள் அவனுக்குப் பரிமாற வேண்டும். ககியாமா அவனுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றான். மூன்று வருடத்தில் முதன்முறையாக மினாசேயின் கிண்ணத்தில் கோழித் துண்டு விழுந்தது.

அவன் சாப்பிட்டான். முதல் கிண்ணம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை எடுத்தபோது பேச்சு நின்றது. ஆறாவதுக்கு இளசுகள் தாளம் போட ஆரம்பித்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கிண்ணம் காலியானதும் அதைப் பின்பக்கம் தோளுக்கு மேலே நீட்டுவான், ககியாமா நிரப்பிக் கொடுப்பான், வாங்கிக்கொள்வான். நன்றி சொல்லவில்லை. எட்டாவது கிண்ணத்தில் ஆசான் தன் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“இந்த வயித்த இவ்வளவு நாள் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?”

மினாசே வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். “உங்களுக்குத் தெரியாதா, ஆசான்?” என்றான், ரொம்ப மரியாதையாக. கிண்ணத்தை மறுபடி பின்னால் நீட்டினான். ககியாமா ஊற்றிய குழம்பு கிண்ணத்தைத் தவறிப் பாயில் சிந்தியது.

மாலை ரயிலுக்கு அவன் கிளம்பிப் போனபின் என் சீப்புப் பெட்டியைத் திறந்தேன். மெழுகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதில் மூன்று அவித்த முட்டை. என்மேல் கோபத்தில் வைத்தானா, நன்றியாக வைத்தானா, தெரியவில்லை.

எறிய மனம் வரவில்லை. எனக்கு எதையும் செய்து பார்த்தால்தான் அடங்கும். மறுநாள் விடியற்காலையில் மூன்றையும் உரித்து, உப்பு தொட்டு, நின்றபடியே தின்றேன். நன்றாகத்தான் இருந்தன. பதினோரு மணிக்கு வரிசையில் இருந்த எல்லா வயிறுகளும் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன. ககியாமா வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் மெழுகை இளக்கினேன். அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் வயிறும் சத்தம் போடவில்லை, என் வயிறும் சத்தம் போடவில்லை.